பூஜைக்கு நிறுத்திய கம்ப்யூட்டர்

ஸ்கேன் சென்டருக்குள் கால் வைத்ததுமே பிச்சைமணிக்குக் குமட்டியது. பினாயில் வாடை ஒரு பக்கம், ஏ.சி. குளிர் ஒரு பக்கம். சுவர்ப் படத்தில் ஒரு டாக்டரம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். சீக்காளி வருகிற இடத்தில் இவளுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று மனசுக்குள் வைதுகொண்டே, பெண்டாட்டி சங்கரம்மாளைக் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்காரவைத்தார்.

அவர் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துப் பிழைத்த ஆள். சீசனுக்குக் குளிக்க வருகிறவனின் முதுகையும் தொப்பையையும் தடவித் தடவி, மனுஷ உடம்பு என்றாலே முகம் சுளிக்கிற நிலைமைக்கு வந்திருந்தார். ஷாம்பு நுரையும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து ஓடுகிற தண்ணீரைக் காட்டி, "இதத்தான் மூலிகத் தண்ணின்னு வாயில ஊத்துதானுவ" என்று துப்புவார். முழங்கால் மடங்காமல் போனதும் தொழிலை விட்டார். யாரையும் நம்பாத குணத்தை மட்டும் விடவில்லை. பால்காரன் தண்ணீர் கலக்கிறான், கண்டக்டர் சில்லறையில் ஏய்க்கிறான், சாமியாடி ஆள் பார்த்து ஆடுகிறான். படித்தவன் இவர்கள் எல்லாரையும்விட மோசம். அவன் ஏய்த்தது ஏய்க்கப்பட்டவனுக்கே தெரியாது. பிச்சைமணி மூன்றாம் வகுப்போடு நின்றவர்.

சங்கரம்மாள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி, பின்மண்டை அடிபட விழுந்திருந்தாள். வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் காலையில் எழுந்தால் தலைசுற்றல், வாந்தி. நடக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மண்டைக்குள் ரத்தம் கசிந்து தேங்கியிருக்கலாம், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார். தேங்கியிருந்தால் ஓட்டை போட்டு எடுக்க வேண்டும். விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். இல்லையென்றால் மாத்திரையோடு சரி. இரண்டில் எது என்று தெரிகிறவரை பிச்சைமணிக்குச் சோறு இறங்கவில்லை.

திருநெல்வேலிக்குப் போய்விடலாம் என்றுதான் அவர் சொன்னார். மகள் ஜெயபிரியா விடவில்லை. அவள் புருஷன் நாகராஜன் தென்காசியில் இந்த சென்டரில்தான் ஸ்கேன் எடுக்கிற டெக்னீசியன். சொந்த மருமகன் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போனால் அவனுக்கு எவ்வளவு கேவலம் என்று அழுதாள். சங்கரம்மாளும் மகள் பக்கம் சேர்ந்துகொண்டாள். இரண்டு பொம்பளைகள் ஒன்று சேர்ந்தால் பிச்சைமணி என்ன செய்வார், வந்து சேர்ந்தார்.

மாமனாருக்கு மரியாதை செய்வதாக நினைத்து நாகராஜன் அவரை மெஷினுக்குப் பக்கத்து அறைக்குள் கூட்டிப்போனான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரிய வளையம், அதற்குள் நுழைகிற கட்டில். இந்தப் பக்கம் மேஜையில் பழைய டிவி மாதிரி முதுகு புடைத்த மானிட்டர். மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி, கிரைண்டர் ஓடுகிற மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் கழித்துப் போட்டதை வாங்கிக் கொண்டுவந்து ஓட்டுகிறார்கள் என்று பிச்சைமணி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார்.

"இது சாதாரண கம்ப்யூட்டர் இல்ல மாமா," என்றான் நாகராஜன். "யூனிக்ஸ் மெஷின். வைரஸ் அண்டாது. வருஷக்கணக்கா நிக்காம ஓடிக்கிட்டு இருக்கு. இந்த மாதிரி திரை முகப்ப இப்பம் மியூசியத்துலதான் பாக்கணும்."

திரை முழுக்கப் பழைய லாட்ஜ் சுவருக்கு அடித்தது போலச் சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு நிறம். அடியில் நீளமாக ஒரு பட்டை. அதில் முள் ஓடுகிற கடிகாரம், தேதி காட்டுகிற காலண்டர், பூட்டு, குப்பைக்கூடை. எல்லாம் மேடும் பள்ளமுமாக, தடவினால் கைக்குத் தட்டுப்படும் போல வரைந்திருந்தது. நடுவில் நாலு பொத்தான். ஒவ்வொன்றும் ஒரு அறை என்றான் மருமகன். முதல் அறையில் படம் எடுப்பது, இரண்டாவதில் எடுத்த படத்தைப் பார்ப்பது, மூன்றாவதில் ரிப்போர்ட். நாலாவதில் என்ன என்று அவன் சொல்லவில்லை. பொத்தானை அமுக்கினால் ஒரு அறையில் இருந்ததெல்லாம் மறைந்து அடுத்த அறை வந்து நின்றது. அந்தக் காலத்தில் பெரிய பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு முகப்பு வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டு கிடந்தார்களாம். பிறகு எல்லாரும் கூடி உட்கார்ந்து, பொதுவாக இருக்கட்டும் என்று இந்த ஒன்றைச் செய்தார்களாம். இதைச் சொல்லும்போது, தானே அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தவன் மாதிரி நாகராஜன் முகம் மினுங்கியது.

"எல்லாரும் ஒரே மூஞ்சிய மாட்டிக்கிட்டா, உள்ள இருக்கவன் எவன்னு எப்படிக் கண்டுபிடிக்க மாப்ள?" என்றார் பிச்சைமணி.

மாமாவுக்குக் குசும்பு என்று அவன் சிரித்துக்கொண்டான்.

சங்கரம்மாளைக் கட்டிலில் படுக்கவைக்கும்போது ஒரு தடங்கல் வந்தது. உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. தாலியைத் துணியில் சுற்றி மகள் கையில் கொடுத்தாள். காதுத் தோடு மட்டும் கழல மாட்டேன் என்றது. சோப்பும் எண்ணெயும் அப்பித் திருகு இறுகிக் கிடந்தது. கல்யாணத்துக்குப் போட்டதை அவள் ஒரு நாளும் கழற்றியதில்லை. நர்ஸ் திருகத் திருகக் காது சிவந்ததுதான் மிச்சம். பரவாயில்லை அத்தை, காதுப் பக்கம் கோடு கோடாக விழும், மற்றபடி தெரியும் என்று நாகராஜன் விட்டுவிட்டான். அவன் சொன்ன மாதிரியே திரையில் மண்டை ஓடு வட்டமாக வந்தபோது, இரண்டு காதிலிருந்தும் வெள்ளைக் கோடுகள் ஊசி ஊசியாய்ச் சிதறியிருந்தன. பிச்சைமணி கண்ணை எடுக்காமல் பார்த்தார். நாற்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவளின் தலைக்குள் இப்படிக் களிமண் நிறத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கிறது என்று பார்க்க அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பார்த்தார்.

"இருக்கா, இல்லயா?"

"அத எங்க சென்டர் டாக்டர்தான் சொல்லணும் மாமா. பூஜ லீவு முடிஞ்சு வந்ததும் பாத்து எழுதிருவாரு. படம் உள்ள பத்திரமா இருக்கு."

வெளியே வந்தபோது அடுத்த ஆளாகக் கடையநல்லூர்க்காரர் ஒருவர் மனைவியோடு காத்திருந்தார். பெயர் மைதீன். துபாயில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மனைவி ஷமீம் பானுவுக்குத் தலைவலி, வலது கையில் பிடித்த தம்ளர் தானாக நழுவி விழுகிறது. ஷமீம் பானு உள்ளே போனதும் மைதீன் பேச்சுத் துணைக்குப் பிச்சைமணியைப் பிடித்துக்கொண்டார். பயத்தை மறைக்க மனிதர் மெஸ்ஸில் பிரியாணி கரிந்த கதையெல்லாம் சொன்னார். பிச்சைமணிக்கு அந்நிய ஆள் பேச்சு பிடிக்காது. ஆனாலும் அந்த ஆளின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்ததைப் பார்த்ததும் எழுந்து போக மனசு வரவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை. மருமகன் கூப்பிட்டான் என்று குடும்பத்தோடு சென்டருக்குப் போக வேண்டியதாயிற்று. போன இடத்தில் ஒரே கூத்து. வளையத்துக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். மானிட்டரின் நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். கீபோர்டு மேலேயே வாழையிலை விரித்துப் பொரியும் சுண்டலும் குவித்திருந்தார்கள். பொரி எழுத்துகளின் சந்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எறும்பு வந்தாகிவிட்டது.

முதலாளி லிங்கேஸ்வரன் புளியங்குடியில் எலுமிச்சம்பழ கமிஷன் மண்டி வைத்திருப்பவர். சென்டரில் வருமானம் படுத்துவிட்டது என்று அந்த வருஷம் தானே நேரில் பூஜை போட வந்திருந்தார். முந்தின வருஷங்களில் மானிட்டருக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுப் பூஜை முடிப்பார்களாம். இந்தத் தடவையும் போட்டிருந்த துண்டை லிங்கேஸ்வரன் எடுத்துப் பார்த்தார். உள்ளே கடிகார முள் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுத ஆயுதத்துக்கு எவம்ல பூஜ போடுவான்? எம் மண்டியில தராச எறக்கி வச்சுத்தான் பூஜ. லாரிச் சாவியக் கூட சாமி கால்ல போட்டுட்டுத்தான் சூடம் காட்டுதோம். அதான் இங்கன ஒண்ணும் வெளங்கல."

நாகராஜன் பக்கத்தில் போய், அண்ணாச்சி, இதை மட்டும் நிறுத்தக் கூடாது, உள்ளே இருக்கிற டிஸ்க் ரொம்பப் பழசு, நின்றால் திரும்பச் சுற்றுமோ சுற்றாதோ என்று தாழ்ந்த குரலில் சொன்னான். லிங்கேஸ்வரன் அவனை மேலும் கீழும் பார்த்தார். மாட்டுக்கே ஒருநாள் ஓய்வு விடுகிறோம், மெஷினுக்கு விட்டால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டார். கூட்டம் தலையாட்டியது. நாகராஜன் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நேற்று எடுத்த படம் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். தன் மாமியார் தலை அதற்குள் இருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். அவன் நெற்றியில் குங்குமத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். முதலாளியே போய்ச் சுவர் சுவிட்சைத் தட்டினார். மேஜைக்கு அடியிலிருந்த உறுமல் மெலிந்து, ஊளையாகி, நின்றது. நாலு அறையும் கடிகாரமும் ஒரே நொடியில் கறுத்துப்போயின. மணி அடித்தார்கள். பிச்சைமணி கையில் கொடுத்த சுண்டலை வாயில் போடாமல் வெளியே கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார்.

லீவு முடிந்து ரிப்போர்ட் வாங்கப் போன அன்று வாசலிலேயே மைதீன் எதிரே வந்தார். பெரிய கவரை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"ஒண்ணுமில்லயாம் அண்ணாச்சி. எல்லாம் நார்மலாம்," என்று பிச்சைமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஷமீம் பானு ஆட்டோவில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ போய்விட்டது.

நாகராஜன் அதே மாதிரி ஒரு கவரை நீட்டினான். அத்தைக்கும் நார்மல்தான் என்றான். சங்கரம்மாள் இருந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். பிச்சைமணிக்கு இங்கிலீஷ் காகிதம் படிக்க வராது. படிக்க வந்தாலும் நம்பியிருக்க மாட்டார். "படத்தக் காட்டுங்க மாப்ள. நான் ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

வேலை கிடக்கிறது மாமா என்று இழுத்தான். அவர் அசையவில்லை. கடைசியில் உள்ளே கூட்டிப்போனான். வாழைக்கன்று வாடித் தொங்கியது. யாரும் அவிழ்க்கவில்லை. சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. மானிட்டரில் அதே லாட்ஜ் சுவர் நிறம், அதே பட்டை, அதே கடிகாரம், அதே நாலு பொத்தான். நாகராஜன் இரண்டாவது பொத்தானை அமுக்கினான். மண்டை ஓடு வந்தது. வட்டமாக, சுத்தமாக இருந்தது.

பிச்சைமணி குனிந்து பார்த்தார். "கோடு எங்க மாப்ள?"

"எந்தக் கோடு?"

"தோட்டுல இருந்து சிதறிக் கெடந்திச்சே, ரெண்டு காதுலயும்."

நாகராஜன் சட்டென்று படத்தை மூடினான். அதையெல்லாம் கம்ப்யூட்டரே அழித்துச் சுத்தம் பண்ணிவிடும் மாமா என்றான். சொன்ன வேகம் பிச்சைமணிக்குப் பிடிக்கவில்லை. மடங்காத முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கி, மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிணத்தின் வயிறு மாதிரி ஜில்லென்று இருந்தது. மானிட்டரின் முதுகிலிருந்து ஒரு வயர் சுவரோரமாக ஓடி அலமாரிக்குள் நுழைந்திருந்தது. அவர் அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே நாகராஜனின் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து மருமகனை வாங்க, போங்க, மாப்பிள்ளை என்பதைத் தவிர வேறு மாதிரி அவர் கூப்பிட்டதில்லை.

"ஏலே," என்றார். "வெளிய வா."

ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் வைத்து எல்லாம் வந்தது. பூஜை முடிந்த மறுநாள் சுவிட்சைப் போட்டால் டிஸ்க் சுற்றவில்லை. தட்டிப் பார்த்தார்கள், கவிழ்த்துப் பார்த்தார்கள். கொச்சியிலிருந்து ஆள் வரவேண்டும். வந்தாலும் உள்ளே இருந்தது திரும்புமா என்பது சந்தேகம். விஷயம் வெளியே தெரிந்தால் ஆள் அனுப்புகிற டாக்டர்கள் வேறு சென்டருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லிங்கேஸ்வரன் பயந்தார். வருகிறவர்கள் கண்ணுக்கு மெஷின் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். அந்தப் பழைய திரை முகப்பைப் போலவே எந்தக் கம்ப்யூட்டரிலும் வரைந்து காட்டுகிற ஏற்பாடு இன்டர்நெட்டில் கிடைக்கிறது. நாகராஜன் தன் லேப்டாப்பில் இறக்கிப் போட்டுவிட்டான். நிறம், கடிகாரம், பொத்தான் எல்லாம் அச்சாக அப்படியே வந்திருக்கிறது என்று அந்த நிலையிலும் சொன்னான். மண்டை ஓட்டுப் படம் எங்கேயோ கிடைத்தது.

"ரிப்போர்ட்டுல டாக்டர் கையெழுத்து இருக்கே?"

டாக்டர் வெறும் தாளில் ஒரு கட்டு கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவாராம்.

"அப்பம் ஒன் அத்தை படத்த யாருமே பாக்கல."

"பாக்க நல்லாத்தான இருக்காங்க மாமா. நடக்காங்க, பேசுதாங்க. அதான் நார்மல்னு போட்டாச்சு."

"ஏலே, அது ஒன் மாமியா தல."

பிச்சைமணிக்கு அவன் முகத்தில் துப்ப வேண்டும் போல இருந்தது. வாய் வறண்டு கிடந்ததால் அதுவும் முடியவில்லை. சங்கரம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிடலாம் என்று மட்டும் சொன்னார். மகளுக்குச் சொல்லவில்லை. திருநெல்வேலி பஸ்ஸில் அவள் ஒவ்வொரு குழிக்கும் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒவ்வொரு குழிக்கும் டிரைவரை வைதார்.

பெரியாஸ்பத்திரியில் அன்றைக்குப் பெயர் பதிந்து, மறுநாள் எடுத்து, அதற்கு மறுநாள்தான் பார்த்துச் சொன்னார்கள். வராந்தாவில் செய்தித்தாளை விரித்துக் கிடந்தார்கள். வாளி நாறியது, பக்கத்துப் பாயில் ஒருவன் காறிக் காறித் துப்பினான். பிச்சைமணி மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஆனால் எழுந்து போகவில்லை. சின்ன வயசு டாக்டர் பெண் ஒருத்தி திரையில் படத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். காதிலிருந்து கோடுகள் சிதறிக் கிடந்தன. அதைப் பார்த்ததும்தான் இது சங்கரம்மாள்தான் என்று அவருக்கு மூச்சு வந்தது. தலைக்குள் ரத்தம் எதுவும் இல்லை என்றாள் டாக்டர். விழுந்த அதிர்ச்சியில் காதுக்குள், உடம்பை நிலையாக வைக்கிற பாகம் தடுமாறியிருக்கிறது, தலையை இப்படி இப்படித் திருப்பிப் பயிற்சி செய்தால் சரியாகிவிடும். படத்தை ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் சங்கரம்மாள் இரண்டு இட்லி முழுசாகத் தின்றாள். பிச்சைமணி தன் இட்லியையும் அவள் இலைக்குத் தள்ளினார். அவள் பார்த்துச் சிரித்தாள்.

"மாப்பிள சொன்னதுதான நடந்துச்சு? நீங்க சாமியையே நம்ப மாட்டிய."

அவருக்குச் சந்தோஷம் வந்தது, வந்த வேகத்திலேயே புளித்தது. அந்தப் பயல் பார்க்காமல் எழுதினான். எழுதினது சரியாகப் போய்விட்டது. இனிமேல் ஆயுசுக்கும் அவன் சரியாகச் சொன்னவன்.

வீட்டில் நாகராஜனும் ஜெயபிரியாவும் ஆப்பிள் பையோடு காத்திருந்தார்கள். விஷயம் கேட்டதும் நாகராஜன் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடினான். உண்மையாகவே பயந்துதான் இருந்திருக்கிறான். ஆனால் கண்ணைத் திறந்ததும் அவன் கேட்டது இதுதான்.

"அந்த சிடியக் குடுங்க மாமா. அத்தை பேர்ல சென்டர்ல சேத்து வச்சிருதேன். நாளைக்கு எவனும் வந்து கேட்டா காட்டணும்லா."

சங்கரம்மாள் எதற்கு என்று கேட்டாள். பிச்சைமணி எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். அவள் ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டாள். ஜெயபிரியாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பது அவள் தலை குனிந்த தோரணையிலேயே தெரிந்தது. பெற்ற மகள். அவருக்கு அந்த அறையில் நிற்கவே கூசியது.

"கடையநல்லூர் பாய் வீட்டம்மா பேர்ல யாரு படத்த வைப்பலே?"

"அவங்களுக்கு ஒண்ணும் இருக்காது மாமா," என்றான் நாகராஜன். "அத்தைக்கே ஒண்ணும் இல்லேல்லா."

பிச்சைமணி அவனை உற்றுப் பார்த்தார். பயல் கேலி செய்யவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒரு தலை தப்பித்தால் அடுத்த தலையும் தப்பித்துவிடும் என்று நிஜமாகவே தன்னைத் தேற்றிக்கொண்டு, தின்று, உறங்கி எழுந்திருக்கிறான்.

அவர் சட்டையை மாட்டினார். ஜெயபிரியா வாசலை மறித்தாள். வெளியே சொன்னால் இவர் வேலை போய்விடும், கேஸ் ஆகிவிடும், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன் என்று அழுதாள். சங்கரம்மாளும் மெல்ல, "நமக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிப்போச்சு. விடுங்க," என்றாள். அவள்கூட இப்படிச் சொன்னாளே என்பதுதான் அவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அசிங்கமாகப் பட்டது. மகளின் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு இறங்கினார்.

கடையநல்லூரில் துபாய் மைதீன் என்று கேட்டால் தெருவுக்கு நாலு பேரைக் காட்டினார்கள். மெஸ்ஸில் சமைத்தவர், பெண்டாட்டிக்குத் தலைவலி என்று சொன்ன பிறகுதான் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு பச்சைக் கதவைக் கைகாட்டினார்கள். மைதீனுக்கு அவரைப் பார்த்ததில் அத்தனை சந்தோஷம். வாங்க அண்ணாச்சி என்று உள்ளே இழுத்து உட்காரவைத்தார். மகள் முஹ்ஸினா தேநீரும் ஓட்டுமாவுப் பலகாரமும் கொண்டுவந்தாள். நார்மல் என்று தெரிந்ததும் துபாயிலிருந்து கிளம்பவிருந்த மகன் சமீரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக மைதீன் சொன்னார். டாக்டர் கொடுத்த மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கிறது என்று அதையும் நிறுத்திவிட்டார்களாம். தலைவலி இருக்கத்தான் செய்கிறது, வயசுக் கோளாறுதானே.

பிச்சைமணி தேநீரைத் தொடவில்லை.

"பாய், ஒம்ம வீட்டம்மா படத்த யாரும் பாக்கல. படமே இல்ல. மெஷின் செத்துப்போச்சு. அந்தக் காயிதம் சும்மா எழுதினது."

மைதீன் முதலில் விளங்காத மாதிரி சிரித்தார். பிச்சைமணி பூஜையையும் சுவிட்சையும் அலமாரிக்குள் இருந்த லேப்டாப்பையும் ஒன்றுவிடாமல் சொன்னார். எழுதினவன் யார் என்று மைதீன் கேட்டார். என் மருமகன் என்றார். முஹ்ஸினா உள்ளே ஓடினாள். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. தாயா மகளா, யார் கை நழுவவிட்டது என்று தெரியவில்லை.

மைதீன் பிச்சைமணி பக்கம் திரும்பினார். "ஒமக்கு இது எப்பம் தெரியும்?"

"ரிப்போர்ட் வாங்கின அண்ணைக்கே."

"நான் ஆட்டோவுல போனேனே, அண்ணைக்கா?"

"ஆமா."

"அப்பம் ஒம்ம வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போயி, காட்டி, ஒண்ணுமில்லன்னு ஆன பெறவு, இங்கன வாரீரு."

திருநெல்வேலி வராந்தாவில் அத்தனை நேரம் கிடந்தபோது இந்த மனிதரின் ஆடுகிற முழங்கால் ஒரு தடவைகூடப் பிச்சைமணியின் நினைப்பில் வரவில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடையநல்லூர் ஒரு பஸ் தூரம்தான். வந்து ஒரு வார்த்தை சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. மருமகனைப் பார்த்து வந்த அதே குமட்டல் இப்போது தன் வயிற்றிலிருந்தே கிளம்பியது. மைதீன் வைதிருந்தால் தேவலை. அவர் வையவில்லை. எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கார்க்காரனைக் கூப்பிட்டார்.

ஷமீம் பானு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மகளின் தோளில் சாய்ந்து வெளியே வந்தாள். வலது கை தனியாகத் தொங்கியது. பிச்சைமணி தெருவில் இறங்கி நடக்கப் பார்த்தார். மைதீன் காரின் முன் கதவைத் திறந்தார்.

"ஏறும். எந்தக் கட்டடம், எங்க பேரு பதியணும், யாரு பாப்பான்னு ஒமக்குத்தான தெரியும். காட்டிட்டுப் போம்."

அது அழைப்பு இல்லை, தண்டனையும் இல்லை. ஒரு வேலை. பிச்சைமணி ஏறி உட்கார்ந்தார். கார் புளியங்குடிப் பக்கமிருந்து வருகிற எலுமிச்சை லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித் திருநெல்வேலி சாலையைப் பிடித்தது. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து ஷமீம் பானு மெலிந்த குரலில், உங்க வீட்டம்மாவுக்கு இப்பம் எப்படி இருக்கு என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல தாயி. காதுலதான் கோளாறாம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் அவள். நிஜமாகவே நிம்மதியாகச் சொன்னாள்.

பிச்சைமணி கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டினார். காற்று அடித்தும் குமட்டல் நிற்கவில்லை. டிரைவர் பையன் வண்டியை ஓரம் கட்டவா தாத்தா என்று கேட்டான்.

"வேண்டாம்," என்றார். "நீ நிறுத்தாம விரட்டுலே."